படம் எப்போ வீட்டுக்கு வரும்?

சினிமாவை தியேட்டர்ல பார்க்கணுமா, வீட்டுல பார்க்கணுமா? ஓடிடி வந்தப்புறம் கிளம்பின சண்டைன்னு நிறைய பேர் நினைச்சுட்டு இருக்காங்க. கிடையவே கிடையாது. இதுக்கு நாற்பது வயசுக்கு மேல ஆகுது. நான் விமர்சகன் எல்லாம் இல்லைங்க. மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு படம் பார்க்கிற சாதா ரசிகன். அந்த சாதா ரசிகனுக்கு இத்தனை வருஷத்துல என்ன கிடைச்சது, என்ன கிடைக்காம போச்சுன்னு கொஞ்சம் பழைய கதை பேசலாம்.

1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டித்தான் இந்தியாவுல கலர் டிவி வந்தது. கூடவே வீடியோவும். நம்ம ஊர்ல அதுக்குப் பேர் 'டெக்'. சொந்தமா வாங்க எல்லாராலும் முடியாது. அதனால டிவியும் டெக்கும் சேர்த்து நாள் வாடகைக்குக் கிடைக்கும். கல்யாண வீடு, காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் ராத்திரி பூரா தெருவே உட்கார்ந்து மூணு படம் பார்க்கும். கடைசிப் படம் போடும்போது முக்கால்வாசி பேர் பாயிலேயே தூங்கியிருப்பாங்க. ஓடி ஓடித் தேஞ்ச கேசட், திரையில கோடு கோடா மழை. ஆனாலும் அது ஒரு சுகம்.

அப்பவே தியேட்டர்காரங்களுக்குப் பயம் வந்தாச்சு. அமெரிக்காவுலயும் இதே கதைதான். வீட்டுல பதிவு பண்ற கருவியை வித்ததுக்காக யுனிவர்சலும் டிஸ்னியும் சோனி மேல வழக்கு போட்டாங்க. 1984ல உச்ச நீதிமன்றம் 5-க்கு 4ன்னு சோனி பக்கம் தீர்ப்பு சொன்னது. அப்புறம் என்ன ஆச்சு? அதே ஸ்டுடியோக்கள் கேசட் வித்தே சம்பாதிச்சாங்க. எண்பதுகள் முடியறதுக்குள்ள அங்கே வீடியோ வருமானம் தியேட்டர் வசூலையே தாண்டிருச்சு.

இங்கே ஏன் அப்படி நடக்கலை? 1993ல சன் டிவி வந்தது. படத்தோட டிவி உரிமைக்கு நல்ல விலை கிடைக்க ஆரம்பிச்சது. வீட்டுல யாரும் பார்க்காத படத்துக்குத்தானே டிவியில மதிப்பு? அதனால புதுப்படம் தமிழ்நாட்டுக் கடையில டிவிடியா வர்றது அபூர்வமாப் போச்சு. லண்டன்லயும் டொரண்டோவிலயும் இருந்த தமிழர்களுக்கு ஒரிஜினல் டிவிடி கிடைச்சது. அந்தத் தட்டே விமானம் ஏறி இங்கே வந்து திருட்டு விசிடியா பெத்துப் போட்டது. அதுக்கு முன்னாடியே வேணும்னா இருக்கவே இருக்கு கேமரா பிரிண்ட், முன்சீட்டுக்காரர் தலையோட!

விசிடியில ஒரு தட்டுக்கு 74 நிமிஷம்தான் அடங்கும். நம்ம படமோ ரெண்டரை மணி நேரம். ஆக ரெண்டு தட்டு, சில சமயம் மூணு. தட்டு மாத்துற நேரம்தான் வீட்டுல இடைவேளை. 2004ல குண்டர் சட்டத்துலயே வீடியோ திருட்டைச் சேர்த்தாங்க. பர்மா பஜார்ல அடிக்கடி ரெய்டு நடக்கும்; கொஞ்ச நாள்ல கடை மறுபடி விரிஞ்சுடும்.

மக்களுக்கு ஓசியில பார்க்கத்தான் ஆசைன்னு சினிமாக்காரங்க திட்டுவாங்க. பாதிதான் உண்மை. காசு கொடுத்து ஒழுங்கா வாங்கலாம்னு போனா கடையில சரக்கே இருக்காது. 2007 வாக்குல மோசர் பேர் வந்து விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய்னு கொடுத்தப்போ ஜனங்க வாங்கத்தானே செஞ்சாங்க? என் அலமாரியில இருக்கிற பழைய படம் பாதி அப்படி வாங்கினதுதான். ஆனா அதுல புதுப்படம் சொற்பம். அந்தக் கம்பெனியும் திவாலாகி 2018ல கதை முடிஞ்சது.

வீடுங்கிறது ஒரு படத்துக்கு ரெண்டாவது வாய்ப்பு. 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' தியேட்டர்ல போணியாகலை. டிவியிலயும் தட்டுலயும் பார்த்துத்தான் ஊரே கொண்டாடுச்சு. 2011ல வந்த 'ஆரண்ய காண்டம்' ரெண்டு தேசிய விருது வாங்கியும் தியேட்டர்ல காத்து வாங்கினது. அதைப் பார்த்தேன்னு சொல்றவங்கள்ல எத்தனை பேர் டிக்கெட் எடுத்தவங்க? என் நண்பர்கள்ல ஒருத்தர்கூட இல்லை.

இதைப் புரிஞ்சுக்கிட்டு முயற்சி பண்ணினவங்களும் உண்டு. 'விஸ்வரூபம்' படத்தை டிடிஎச் வழியா முதல்ல வீட்டுல காட்டப் போறேன்னு கமல் அறிவிச்சார். கட்டணம் ஆயிரம் ரூபாய். தியேட்டர்காரங்க கொதிச்செழுந்தாங்க. திட்டம் கைவிடப்பட்டு, தடை வேற வந்து, தமிழ்நாட்டுல 2013 பிப்ரவரி 7 அன்னிக்குத்தான் தியேட்டர்ல படம் வந்தது. 2015ல சேரன் தன் படத்தை நேரா டிவிடியா வீடு வீடா அனுப்பிப் பார்த்தார். அதுவும் நிலைக்கலை.

கடைசியில கொரோனாதான் கதவைத் திறந்தது. 2020 மே மாசம் 'பொன்மகள் வந்தாள்' நேரா அமேசான்ல வந்தது. அதை அறிவிச்சப்போ, அந்த நிறுவனத்தோட படங்களை இனி திரையிட மாட்டோம்னு தியேட்டர் சங்கத்துல சொன்னாங்க. நவம்பர்ல 'சூரரைப் போற்று'. அப்பாவைக் கடைசியா ஒரு தடவை பார்க்க, விமான டிக்கெட்டுக்காக சூர்யா முன்பின் தெரியாதவங்ககிட்ட கையேந்துற அந்தக் காட்சி! வீட்டு சோபாவுலயே தொண்டை அடைச்சது. ஐநூறு பேர் சேர்ந்து மௌனமா இருக்கிற இடத்துல அதைப் பார்த்திருக்கணும். தேசிய விருதெல்லாம் வந்தது. அந்த மௌனம் மட்டும் கிடைக்கலை.

'மாஸ்டர்' தலைகீழ். 2021 ஜனவரி 13 தியேட்டர், 29 அன்னிக்கு அமேசான். பதினாறே நாள்! பாதி சீட்டு காலியா இருந்தும் தியேட்டர்ல விசில் காதைக் கிழிச்சது. அதையே வீட்டுல போட்டா, விஜய் சேதுபதி வர்ற இடம் தவிர மத்ததுக்கெல்லாம் கை தானா ரிமோட்டைத் தேடுது.

அப்போ வீடு தியேட்டரைக் கொன்னுடுச்சா? 2024 ஏப்ரல்ல 'கில்லி' மறுபடி வந்ததே! இருபது வருஷமா டிவியில மாத்தி மாத்திப் போட்டு, வசனம் பூரா மனப்பாடமான படம். அதுக்குத்தான் அவ்வளவு கூட்டம். ஜனங்க கதைக்காகப் போகலை, கூட்டத்துக்காகப் போனாங்க. அதே சமயம் 1961ல திறந்த சாந்தி தியேட்டர் 2016ல போச்சு, 1983ல வந்த உதயம் 2024ல போச்சு. ஆக நஷ்டமே இல்லைன்னும் சொல்ல முடியாது.

2025ல 'தக் லைஃப்' எட்டு வாரம் கழிச்சுத்தான் வீட்டுக்கு வரும்னாங்க. படம் படுத்ததும் நாலே வாரத்துல நெட்ஃபிளிக்ஸ்ல. எட்டா நாலாங்கிறது அவங்க கணக்கு. நம்ம கணக்கு வேற: எட்டு வருஷம் கழிச்சு அந்தப் படம் எங்கே இருக்கும்? ஒப்பந்தம் முடிஞ்சா ஓடிடியில இருந்து படத்தைத் தூக்கிடுவாங்க. தட்டும் இப்போ கடையில இல்லை. முதல் தமிழ் பேசும்படம் 'காளிதாஸ்' 1931ல வந்தது; இன்னிக்கு அதோட ஒரு பிரதிகூட இல்லை. அப்போ பாதுகாக்க வசதி இல்லைன்னு சொல்லலாம். இப்போ என்ன சொல்லப் போறோம்?

பி.கு: வீட்டுல பழைய ஒரிஜினல் தட்டு இருந்தா எடைக்குப் போட்டுடாதீங்க. என்னிக்காவது அது மட்டும்தான் மிஞ்சும் :-)