சாக்கடையில் பிறந்த மருந்து

சென்னைக்குத் தெற்கே கிருமி என்று பேச்செடுத்தால் எல்லோருக்கும் தாம்பரம் சானடோரியம்தான் ஞாபகம் வரும். சௌரிமுத்து என்ற டாக்டர் 1928-ல் க்ஷயரோகிகளுக்காக ஆரம்பித்தது. ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அதே தென்புறத்தில் தரமணிக்கும் ஒரு கிருமிக் கதை உண்டு. அது அவ்வளவு பிரசித்தம் இல்லை. கதையின் தொடக்கமோ கடல் கடந்த ஒரு சாக்கடையில்.

1945-ல் ஸார்டினியாத் தீவில் புரோட்ஸு என்ற பேராசிரியர், காக்லியாரி நகரத்துச் சாக்கடை கடலில் விழும் இடத்தில் தண்ணீரை எடுத்துச் சோதித்தார். அதில் ஒரு பூஞ்சணம் கிடைத்தது. மற்றக் கிருமிகளை அது வளரவிடவில்லை. பூஞ்சணம் ஆக்ஸ்போர்டுக்குப் போயிற்று. அங்கே ஏப்ரகாமும் நியூட்டனும் அதிலிருந்து செஃபலோஸ்போரினைப் பிரித்தெடுத்தார்கள். 1964-ல் மருந்து கடைக்கு வந்துவிட்டது.

இந்த மருந்தின் தந்திரம் ஒரு நாவலாசிரியனுக்குப் பிடிக்கக்கூடியது. பாக்டீரியாவைச் சுற்றி வலை பின்னியதுபோல் ஒரு சுவர் உண்டு. வளர வளர அதைக் கட்டிக்கொண்டே இருக்கவேண்டும். கட்டும் கொத்தனார்கள் சில என்ஸைம்கள். மருந்து செங்கல் வேஷம் போட்டுக்கொண்டு வந்து கொத்தனார் கையில் ஒட்டிக்கொள்கிறது, உதறினாலும் போகாது. சுவர் அரைகுறையாக நிற்க, உள்ளிருக்கும் அழுத்தம் தாங்காமல் கிருமி வெடித்துச் சாகிறது. நம் உடம்பின் செல்களுக்குச் சுவரே கிடையாது. நாம் தப்பித்தோம்.

வேஷமெல்லாம் நான்கு அணுக்கள் கொண்ட ஒரு சிறு வளையத்தில் இருக்கிறது. அதை அறுத்துவிட்டால் மருந்து வெறும் தூள்தான். கிருமிகள் அறுக்கக் கற்றுக்கொண்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்டு, 2010 ஆகஸ்டில் லான்ஸெட் குழுமத்தின் தொற்றுநோய்ப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. சென்னையில் மாத்திரம் 44 கிருமி மாதிரிகளில் என்.டி.எம்.-1 என்ற ஜீன்! இது உண்டாக்கும் என்ஸைம் துத்தநாகத்தைத் துணைக்கொண்டு வளையத்தை அறுக்கிறது. செஃபலோஸ்போரின்கள் மட்டுமல்ல, கடைசிக் கையிருப்பான கார்பாபெனமும் போச்சு.

அந்த எழுத்துக்களில் முதல் இரண்டும் நியூ டெல்லியைக் குறிப்பவை. சர்க்காருக்கு அதில்தான் கோபம். பெயரைப்பற்றி நடந்த ரகளையில் பாதிகூட அந்த 44-ஐப்பற்றி நடக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். 2011-ல் டெல்லியில் தேங்கிக் கிடந்த நீரின் 171 மாதிரிகளில் 51-லும், 50 குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் இரண்டிலும் அதே ஜீன் அகப்பட்டது.

மறு வருஷம் வைத்தியர்கள் சென்னையில் கூடிப் பிரகடனம் செய்தார்கள். 2014 மார்ச் முதல் செஃபிக்ஸிம் போன்றவற்றை விற்கும் கடைக்காரர், நோயாளி பெயர், டாக்டர் பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் புத்தகத்தில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்கவேண்டும் என்று விதி வந்தது. அந்தப் புத்தகத்தை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.