துப்பாக்கி உரிமம் (ரெட்டியார்சத்திரம் வட்டாரம்)

திண்டுக்கல்–பழனி சாலையிலுள்ள ரெட்டியார்சத்திரம் பகுதியில் துப்பாக்கி வைத்திருப்போரை 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. உரிமம் வழங்குபவர் மாவட்ட ஆட்சியர். ஒருவர் 3 துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்றிருந்த வரம்பை 2019 திருத்தம் 2 ஆகக் குறைத்தது. மூன்றாவதை 2020 டிசம்பர் 13க்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டியிருந்தது. பாட்டன் விட்டுச்சென்ற பழைய துப்பாக்கியும் இந்தக் கணக்கில் சேரும். குடும்பங்களுக்கு இது உண்மையிலேயே வலித்த மாற்றம். அதே திருத்தம் உரிமக் காலத்தை 3 ஆண்டிலிருந்து 5 ஆக நீட்டியது நல்ல சலுகை. தேர்தல் அறிவிப்பு வந்தால், உரிமம் உள்ள துப்பாக்கிகளையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். காவல் நிலையம் தரும் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்; துப்பாக்கியைத் திரும்பப் பெற அதுவே சான்று.