உரைப்போன் நின்ற இடம்

வரலாறு நிகழ்ச்சிகளின் தொகுதி என்பர். எனினும், நிகழ்ச்சிகள் தாமே பேசுவதில்லை; ஒருவர் எடுத்துரைக்கவே ஏனையோர் அறிகின்றனர். உரைப்போன் எவ்விடத்தில் நின்று கண்டானோ, படிப்போர் உள்ளமும் அவ்விடத்திற் சென்று நிற்கிறது. இதற்கு மலையக வரலாறு தக்க சான்றாகும்.

இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையமாகிய பட்டிப்பொல 1,891 மீற்றர் உயரத்தில் உள்ளது. அதனை அடுத்த ஹோட்டன் சமவெளியில், இருப்புப்பாதை வருமுன்பே, நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் மரை வேட்டையாடினார். 1850களில் வெளிவந்த அவருடைய வேட்டை நூலில் கில்பக், ஸ்மட் முதலிய நாய்கள் பெயரோடும் பெருமையோடும் உலவுகின்றன. சுமை தூக்கி உடன் சென்றோரோ பெரும்பாலும் ‘கூலிகள்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றனர். நாயின் காயத்துக்கு வருந்தும் வாசகருக்கு, சுமைகாரன் குளிரில் நடுங்கினானோ என வினவத் தோன்றுவதில்லை. பேக்கர் பொய்யுரைத்தார் என்பதன்று. அவர் பார்வை சென்ற இடத்துக்கே வாசகர் பரிவும் சென்றது.

அதே நூற்றாண்டில் கோப்பித் தோட்டத் தொழிலாளர் பாடிய பாடல்கள் வேறோர் இடத்தில் நின்று பேசுகின்றன. பறிக்கையில் ஒரு பழம் தவறியமைக்காகத் துரையிடம் உதைபட்ட துயரை அவற்றுள் ஒன்று கூறும். உதைபட்டவனே அங்கு உரைப்போன். ஆதலின் கேட்போர் நெஞ்சு அவன்பாற் சாய்கிறது. வாய்மொழியாய் வழங்கிய அப்பாடல்களைத் தேடித் தொகுத்தவர், தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஆவார்.

எனினும், பாடலும் முழு வரலாறாகாது. 1840ஆம் ஆண்டின் அரச காணிச் சட்டம், உரிமைச் சான்று காட்ட இயலாத காடுகளையும் சேனைகளையும் முடிக்குரியனவாகக் கொண்டது. அதனால் நிலமிழந்த கண்டிச் சிங்களக் கிராமத்தான் நின்று நோக்கின், அதே தொழிலாளி அயலானாகத் தோன்றுவான். இருவரையும் அந்நிலைக்கு உள்ளாக்கிய பெருந்தோட்ட முறையோ இருவர் பார்வையிலும் முழுமையாகத் தென்படுவதில்லை.

இஃது ஏட்டளவில் நின்ற செய்தியன்று. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராக வேலுப்பிள்ளை தெரிவானார். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமோ அவரைத் தெரிவு செய்த மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. வாக்குரிமையும் தொடர்ந்து பறிபோயிற்று. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் இயற்றப்படும்வரை அக்குறை முற்றும் தீர்ந்திலது. பெயரற்ற கூட்டமாக எழுதப்பட்ட மக்களைப் பெயரற்ற கூட்டமாகவே நடத்துதல் ஆட்சியாளர்க்கு எளிதாயிற்று.

ஆகவே, வரலாறு பயில்வோர் ‘என்ன நிகழ்ந்தது?’ என்பதோடு, ‘இதனை உரைப்பவர் யார்? எங்கு நின்று உரைக்கின்றார்? யாருக்குப் பெயர் சூட்டினார்? யாரைப் பெயரின்றி விட்டார்?’ எனவும் வினவுதல் வேண்டும். பரிவு தானே பிறப்பது போலத் தோன்றினும், பெரும்பாலும் உரைப்போன் வகுத்த வழியிலேயே செல்கிறது. அவ்வழியை அறிந்தவர்க்கே அதற்கு அப்பாலுள்ளோரையும் காண இயலும்.