கடனாளி எனும் குற்றவாளி

‘விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும்’ என்று கடன்பட்டவருக்குப் புத்தி சொல்வது எளிது. அமெரிக்காவில் கடன் அட்டையின் வரலாறோ வேறு கதை சொல்கிறது. 1958இல் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில், யாரும் கேட்காமலேயே சுமார் 60,000 அட்டைகளைத் தபாலில் அனுப்பியது பேங்க் ஆஃப் அமெரிக்கா. இப்படித் தலையில் கட்டுவதை 1970இல் சட்டம் தடுத்தது. வட்டியை மட்டும் அவிழ்த்துவிட்டார்கள். தேசிய வங்கியொன்று, தான் அமைந்துள்ள மாநிலம் அனுமதிக்கும் வட்டியைப் பிற மாநிலத்தவரிடமும் வசூலிக்கலாம் என்று 1978இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1980இல் தெற்கு டகோட்டா வட்டிக்கான உச்சவரம்பை நீக்கியது. சிட்டிபேங்க் தன் அட்டை வணிகத்தை நியூயார்க்கிலிருந்து அங்கே கொண்டுபோனது. நேற்றுவரை கந்துவட்டியாக இருந்தது, முகவரி மாறியதும் சட்டபூர்வமாயிற்று.

மிஞ்சியிருந்த வழி திவால் மனு. 2005ஆம் ஆண்டுச் சட்டம் வருமானச் சோதனை வைத்து அந்தக் கதவையும் குறுக்கியது. உள்ளே வர வாசல் அகலம்; வெளியே போகச் சந்து.

மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி, அசல் கரையாமல் வட்டி அழுகிறவரால்தான் வங்கிக்கு வருமானம். ‘சிக்கனமா இரு’ என்கிற அறவுரை இந்தக் கணக்கை மறைக்கிறது. கடனாளியின் வெட்கம் தனிமனிதப் பலவீனமல்ல, வங்கியின் மூலதனம். அதை உதறிவிட்டு, வட்டிக்கு வரம்பு கேட்டுக் கூட்டாகப் பேசத் தொடங்குவதே மீளும் வழியின் முதல் அடி.