கூலன்ட் – டிரான்ஸ்மிஷன் ஆயில் கலப்பு

ஆட்டோமேட்டிக் கியர் உள்ள பழைய வண்டிகளில், ரேடியேட்டர் தொட்டிக்குள் இருக்கும் ஆயில் கூலர் விரிசல் விட்டாலோ துருவால் அரித்தாலோ வரும் கோளாறு. அமெரிக்காவில் 2005–2010 மாடல் நிசான் பாத்ஃபைண்டர், எக்ஸ்டெர்ரா, ஃபிரான்டியர் வண்டிகள் இதற்குப் பேர்போனவை. அங்கே வழக்கும் நடந்தது, ரேடியேட்டர் உத்தரவாதமும் 8 ஆண்டு அல்லது 80,000 மைலாக நீட்டிக்கப்பட்டது.

தெளிந்த சிவப்பாக இருக்க வேண்டிய கியர் ஆயில் ரோஸ்மில்க் போல வெளுத்து நுரைத்திருக்கும். ரேடியேட்டர் மூடியின் அடியில் பிசுக்கு ஒட்டும். கூலன்டிலுள்ள நீரும் கிளைக்காலும் கிளட்ச் தகடுகளின் காகித நார்ப் பூச்சை ஊறவைத்து, அதன் பசையை இளக்குகின்றன. பூச்சு உரியத் தொடங்கினால் கியர் வழுக்கும், வண்டி அதிரும்.

கண்டதும் எஞ்சினை அணைத்து, வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுசெல்வதே நல்லது. ரேடியேட்டரை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றுவது வீண்செலவு. ஒருமுறை வடித்தாலும் போதாது. டார்க் கன்வெர்ட்டரில் நிறைய ஆயில் தங்கிவிடும் என்பதால் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். கலந்த பின்னும் ஓட்டியிருந்தால், கியர்பாக்ஸைப் பிரித்துத் தகடுகளையும் கன்வெர்ட்டரையும் மாற்றுவதே நம்பகமான வழி. ஆயில் பட்டு உப்பிய ரப்பர் ஹோஸ்களையும் விட்டுவைக்கக் கூடாது. ரேடியேட்டரோடு சேராத தனி ஆயில் கூலர் பொருத்தினால் இந்தக் கலப்புக்கே இடமில்லை.