சைந்தவம்: குதிரைத் தீவனத்தில் உப்பு நடந்து வந்த வழி

சைந்தவம் என்ற வடசொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று இந்துப்பு, மற்றொன்று சிந்து நாட்டுக் குதிரை. ‘சைந்தவம் கொண்டு வா’ என்று ஒருவர் சொன்னால், உண்ணும் நேரமாயின் உப்பையும் புறப்படும் நேரமாயின் குதிரையையும் கொண்டுவர வேண்டும். சொற்பொருளை ஆராய்ந்த இந்திய அறிஞர்கள் நெடுங்காலமாகக் காட்டிவரும் எடுத்துக்காட்டு இது. சிந்து, ஜீலம் ஆறுகளுக்கு இடையே கிடக்கிறது இந்துப்புக் கிடைக்கும் உப்புமலைத் தொடர். அலெக்சாந்தரின் படைக்குதிரைகள் அங்கே பாறையை நக்கியதைக் கண்டுதான் கேவ்ராச் சுரங்கத்தின் உப்பு வெளிப்பட்டது என்று ஒரு கதை வழங்குகிறது. கதைக்குச் சான்று இல்லை. ஆனால் கதை சொன்னவர்கள் குதிரையை நன்கு அறிந்தவர்கள். உப்பைத் தானே தேடிப் போகும் விலங்கு அது.

குதிரைக்கு உப்பு வேண்டும் என்பதை மனிதன் அறிந்தது பழங்காலத்தில். எவ்வளவு வேண்டும், ஏன் வேண்டும் என்பதை அறிந்தது மிக அண்மையில். ‘எவ்வளவு போடுவது’ என்ற கேள்வி ‘எவ்வளவு இழக்கிறது’ என்று மாறிய இடமே இந்த வரலாற்றின் திருப்பம் என்பது என் கருத்து. அந்த மாற்றம் 1970களில்தான் முழுமை பெற்றது.

எழுத்தில் நமக்குக் கிடைக்கும் பழைய அளவுகளுள் ஒன்று அர்த்தசாத்திரத்தின் இரண்டாம் அதிகரணத்தில், குதிரைக் கண்காணிப்பாளனைப் பற்றிய பகுதியில் இருக்கிறது. (தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் மைசூர் நூலகத்துக்குக் கொடுத்த கிரந்தச் சுவடியைக் கொண்டு ஆர். சாமசாஸ்திரி 1909இல் பதிப்பித்த நூல் இது என்பதைத் தமிழ் வாசகர் நினைவில் கொள்ளலாம்.) முதல்தரக் குதிரைக்கு இரண்டு துரோணம் தானியம் அல்லது வேகவைத்த பயறோ உளுந்தோ, ஒரு பிரஸ்தம் நெய்ப்பொருள், 50 பலம் இறைச்சி, 5 பலம் உப்பு என்று அது வகுக்கிறது. பலத்தின் எடை காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறியது. சித்த மருத்துவத்தின் இன்றைய கணக்கான 35 கிராமை வைத்துப் பார்த்தால் உப்பு மட்டும் 175 கிராம் ஆகிறது. இன்றைய ஆய்வாளர் மிகக் கடுமையாக உழைக்கும் குதிரைக்குச் சொல்லும் அளவையும் இது மிஞ்சுகிறது. அளவைவிட உப்பு நிற்கும் இடமே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது மருந்துப் பட்டியலில் இல்லை, தானியத்தோடும் நெய்யோடும் ஒரே வரிசையில் நிற்கிறது. ஆனால் அளவைத் தீர்மானிப்பது குதிரையின் தரம். அன்றைக்கு அது எவ்வளவு வியர்த்தது என்ற கேள்வி அங்கே எழவில்லை.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, கடல்வழியே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கப்பட்ட குதிரைகள் இங்கே நிலைக்காமல் மடிந்ததை எழுதினார். சோறும் இறைச்சியும் சமைத்துப் போடுவதையும், குதிரை வைத்தியர் இல்லாததையும் காரணமாகச் சொன்னார். வறண்ட நாட்டிலிருந்து புழுக்கமான கடற்கரைக்கு வந்த விலங்கு எவ்வளவு வியர்த்திருக்கும் என்பது அவர் கணக்கில் வரவில்லை. அந்தக் காலத்தில் யார் கணக்கிலும் வந்திருக்க முடியாது.

வேதியியல் வந்த பிறகு கேள்வி கூர்மையடைந்தது. பிரான்சில் உப்புவரி குறித்த வாதம் சூடாக இருந்த 1840களில், பூசங்கோ என்ற வேளாண் வேதியியலாளர் இளங்காளைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மட்டும் உப்புக் கொடுத்து ஓராண்டுக்கு மேல் கவனித்தார். எடையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் உப்பில்லாதவற்றின் மயிர் பொலிவிழந்து சொரசொரத்துப் போயிற்று. 1873இல் குஸ்தாவ் புங்கே இன்னொரு பக்கத்திலிருந்து விளக்கம் தந்தார்: புல்லிலும் இலையிலும் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு, வரும் பொட்டாசியத்தைக் கழிக்கும்போது உடல் சோடியத்தையும் இழக்கிறது, அதனால்தான் தாவர உண்ணிகள் உப்பைத் தேடுகின்றன என்றார். விளக்கத்தின் பின்பாதி பிற்காலத்தில் அப்படியே நிற்கவில்லை. முன்பாதி இன்றும் தீவனக் கணக்கின் அடித்தளம்.

1834இல் ஃபாரடே வழங்கிய ‘எலக்ட்ரோலைட்’ (மின்பகுளி) என்ற சொல் லாயத்துக்குள் நுழைய ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. வழி திறந்தது சுரங்கத்தில். 1923இல் மாஸ் என்ற ஆய்வாளர், வெப்பமான நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளருக்கு வரும் தசைப்பிடிப்பு, வியர்வையில் உப்பை இழந்து வெறும் நீரைக் குடிப்பதால் வருகிறது என்று காட்டினார். வியர்த்தவனுக்கு உப்பு நீர் என்ற பாடம் மனிதனுக்கு உறுதியானது. குதிரைக்கும் அதையே நீட்டினார்கள். குதிரை வேறு விலங்கு என்பது அளந்து பார்த்த பிறகே தெரிந்தது.

அளக்க வைத்தது ஒரு பந்தயம். கலிஃபோர்னியாவில் 1955இல் தொடங்கிய டெவிஸ் கோப்பை ஓட்டத்தில், தாஹோ ஏரிப் பக்கமிருந்து சியெரா நெவாடா மலைகளைக் கடந்து ஆபர்ன் வரை 100 மைல் தொலைவை 24 மணி நேரத்துக்குள் குதிரை முடிக்க வேண்டும். இப்படிப்பட்ட நெடுந்தொலைவு ஓட்டங்களில் களைத்துச் சரிந்த குதிரைகள்தான் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக டேவிஸ் வளாகக் கால்நடை மருத்துவர் கேரி கார்ல்சனுக்குப் பாடம் சொன்னவை. 1974இல் மான்ஸ்மனுடனும் பின்னர் பிறருடனும் அவர் வெளியிட்ட ஆய்வுகள் பழைய நம்பிக்கையைப் புரட்டிப் போட்டன. ஓடிக் களைத்த உடலில் அமிலம் மிகும் என்பது பொதுவான எண்ணம். அதற்கு மாற்று சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட். ஆனால் நெடுந்தூரம் ஓடிய குதிரைகளின் இரத்தத்தில் அமிலம் மிகவில்லை, காரம் மிகுந்திருந்தது. குறைந்திருந்தது குளோரைடு.

காரணம் வியர்வையில் இருந்தது. மனித வியர்வை இரத்தத்தைவிட உப்புக் குறைந்தது. குதிரை வியர்வை இரத்தத்துக்குச் சமமான, சில வேளை அதைவிடச் செறிவான உப்புக் கரைசல். ஒரு லிட்டரில் ஏறத்தாழ 10 கிராம் உப்புகள் போகின்றன. அதில் பாதிக்கு மேல் குளோரைடு, மீதியில் பெரும்பங்கு சோடியம், பிறகு பொட்டாசியம். வெயிலில் உழைக்கும் குதிரை மணிக்கு 10 லிட்டருக்கு மேலும் வியர்க்கக்கூடும். குளோரைடு குறைந்தால் சிறுநீரகம் அதற்கு ஈடாகப் பைகார்பனேட்டைப் பிடித்து வைக்கிறது, இரத்தம் காரமாகிறது. காரம் ஏறினால் இரத்தத்தில் அயனியாக உள்ள கால்சியம் இறங்குகிறது, நரம்புகள் எளிதில் தூண்டப்படுகின்றன. உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு இதயத்தை ஒட்டிச் செல்வதால், ஒவ்வொரு துடிப்புக்கும் விலாப்பக்கம் வெட்டி வெட்டி இழுக்கும். அந்த நிலையில் உள்ள குதிரைக்குச் சோடா கொடுப்பது நோயைக் கூட்டுவதாகும். நல்லெண்ணத்தோடு கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

இதைவிட வருத்தம் தரும் உண்மை இன்னொன்று உண்டு. மனிதன் வியர்க்கும்போது உப்பைவிட நீரை அதிகம் இழக்கிறான்; இரத்தம் செறிவாகிறது; தாகம் எடுக்கிறது. குதிரை இரண்டையும் ஒருசேர இழப்பதால் இரத்தத்தின் செறிவு ஏறுவதில்லை. மூளைக்குத் தாகச் செய்தி போவதில்லை. உடல் வற்றிய குதிரை தண்ணீர்த் தொட்டியருகே நின்றுகொண்டு குடிக்க மறுக்கும். அதைப் பிடிவாதம் என்றோ பழக்கக் கேடு என்றோ எண்ணியவர்கள் உண்டு.

இந்த அறிவு 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் களம் கண்டது. ஜார்ஜியாவின் புழுக்கத்தில் மூன்று நாள் குதிரைப் போட்டியை நடத்துவது சரியா என்ற கவலையால், முன்கூட்டியே பல நாட்டு ஆய்வகங்கள் குதிரைகளை வெப்பத்திலும் ஈரத்திலும் ஓடவிட்டு அளந்தன. போட்டியின் தொலைவு குறைக்கப்பட்டது, ஓய்வு நிறுத்தங்கள் கூட்டப்பட்டன, நீர்த்தூவல் விசிறிகள் வைக்கப்பட்டன.

2002இல் மிச்சிகன் அரசுப் பல்கலைக்கழகத்தில் புட்டுடோம், ஷாட் முதலானோர் தாகச் சிக்கலுக்கு எளிய வழி ஒன்றைக் காட்டினர். ஓட்டம் முடிந்ததும் முதல் குடிநீராக 0.9 சதவீத உப்பு நீரை வைத்துப் பிறகு வெறும் நீர் கொடுத்தால், தொடக்கம் முதல் வெறும் நீர் கொடுத்ததைவிடக் குதிரை மொத்தத்தில் அதிகம் குடித்தது. உப்பு உள்ளே போனதால் இரத்தத்தின் செறிவு தணியவில்லை, தாகமும் தணியவில்லை.

மறுபக்கத்தை 2005இல் ஹோல்புரூக் குழு காட்டியது. செறிந்த மின்பகுளிக் கரைசலை மணிக்கொரு முறையாக எட்டு முறை வாய்வழி செலுத்திய குதிரைகளின் இரைப்பைச் சுவரில் புண்கள் கூடின. பசையாகக் குழைத்து ஊசிக்குழலால் கடைவாயில் பீய்ச்சும் வழக்கம் பந்தயக் களங்களில் பரவியிருந்த காலம் அது. வெறும் வயிற்றில், நீரில்லாமல் கொடுக்காதே என்ற எச்சரிக்கைக்கு அந்த ஆய்வு வலுச் சேர்த்தது.

குதிரைகளின் ஊட்டத் தேவை பற்றிய அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுவின் நூலின் 2007ஆம் ஆண்டுப் பதிப்பு, 500 கிலோ எடையுள்ள குதிரை சும்மா நின்றால் நாளுக்கு 10 கிராம் சோடியம், அதாவது 25 கிராம் அளவு உப்பு போதும் என்கிறது. மிகக் கடும் உழைப்புக்கு 41 கிராம் சோடியம். உப்பாகக் கணக்கிட்டால் 100 கிராமுக்குச் சற்று மேல். பொட்டாசியத்தை நல்ல புல்லே தந்துவிடும். எனவே வண்ணப் பொட்டலங்களில் விற்கும் கலவைகளில் அன்றாடத்துக்கு வேண்டிய பெரும்பகுதி சமையலறை உப்பே. குதிரை தானே அளவறிந்து நக்கிக்கொள்ளும் என்று கட்டியைத் தொங்கவிட்டுப் போவதும் போதாது. உழைப்பில்லாத குதிரைகள் தாமாக உண்ட உப்பை 1987இல் கார்னெல் ஆய்வாளர்கள் அளந்தபோது நாளுக்குச் சராசரி 53 கிராம் வந்தது. ஆனால் ஒன்று 19 கிராமோடு நிறுத்தியது, மற்றொன்று 143 கிராம் வரை போயிற்று. மாட்டின் நாக்கைப் போலக் குதிரையின் நாக்கு சொரசொரப்பானதும் அன்று. ஆகவே உழைக்கும் குதிரைக்குத் தூள் உப்பை அளந்து, ஈரத் தீவனத்தில் கலந்து, பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர் வைக்கிறார்கள். வேகவைத்த பயறும் 5 பலம் உப்பும் அர்த்தசாத்திரத்தில் ஒரே வாக்கியத்தில் நிற்கின்றன.