தகிட தகிட தக: பூவாளூரிலிருந்து டொரொண்டோ வரை

இந்த எபிசோடை ஒரு மன்னிப்போட ஆரம்பிக்கணும்.

போன பொங்கலுக்கு உறையூர்ல எங்க வீட்டு மொட்டை மாடியில சித்தி பையன் பீட்பாக்ஸ் பண்ணிக் காட்டினான். பிளஸ் டூ படிக்கிறான், யூடியூப் பார்த்தே கத்துக்கிட்டது. எங்க பெரியப்பா சின்ன வயசுல மிருதங்கம் கத்துக்கிட்டவர். "என்னடா இது, எச்சில்தான் தெறிக்குது"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டார். பையன் முகம் வாடிப்போச்சு. அவனைத் தேத்தறதுக்காக, "கவலைப்படாத, பீட்பாக்ஸே நம்ம கொன்னக்கோல்ல இருந்து போனதுதான்"னு அடிச்சு விட்டேன்.

இந்த எபிசோடுக்காகப் படிக்க உட்கார்ந்தப்பதான் தெரிஞ்சுது, நான் சொன்னது தப்பு. ஆனா உண்மைக் கதை அதைவிட நல்லா இருக்கு.

முதல்ல பீட்பாக்ஸ். அந்தப் பேரே ஒரு மெஷினோட பேரு. டிரம் சத்தம் தரும் எலக்ட்ரானிக் பெட்டியைத்தான் 'பீட் பாக்ஸ்'னு சொன்னாங்க. 1980ல் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி டிஆர்-808ஐ வெளியிட்டது. விலை ஆயிரம் டாலருக்கு மேல். நியூயார்க் தெருப் பசங்க கையில ஏது அவ்வளவு காசு? மெஷின் போடுற சத்தத்தை வாயாலயே போட்டாங்க. ஹார்லெம்ல வளர்ந்த டக் ஈ. ஃபிரெஷ் அதை மேடைக்கும் ரெக்கார்டுக்கும் கொண்டு வந்தார். அது கறுப்பின இளைஞர்கள் அவங்க தெருவுல உருவாக்கினது. நாம அதுல பங்கு கேட்க முடியாது.

கொன்னக்கோல் வேற. பீட்பாக்ஸ் டிரம் மாதிரியே ஒலிக்கப் பார்க்கும். கொன்னக்கோல் மிருதங்கம் மாதிரி ஒலிக்கணும்னு கட்டாயம் இல்ல. அது தாளத்தைச் சொல்லாக்கும் கலை. தகிட என்றால் மூணு, தகதிமி என்றால் நாலு, தகதகிட என்றால் அஞ்சு. கையால தாளம் போட்டுக்கிட்டே அந்தச் சொற்களை வாயால அடுக்கணும். இந்தச் சொற்கட்டுதான் நாட்டியத்துக்குப் போனா ஜதி. நட்டுவனார் தாளத்தைத் தட்டிக்கிட்டே சொல்ல, ஆடுறவங்க காலால பதில் சொல்வாங்க.

ஒரு காலத்துல இதுக்குக் கச்சேரி மேடையில தனி இடம் இருந்துச்சு. காஞ்சிபுரம் நயினா பிள்ளை பாடினா பக்கத்துல வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம்னு பெரிய படையே உட்காரும். 'ஃபுல் பெஞ்ச்'னு அதுக்குப் பேரு. அதுல மன்னார்குடி பக்கிரியா பிள்ளை கொன்னக்கோல் சொல்லுவார். அப்புறம் கச்சேரிக் குழு சின்னதாச்சு, கொன்னக்கோலுக்குத் தனியா ஒருத்தர் உட்காருறது அரிதாச்சு.

இங்கதான் நம்ம ஊர்க்காரர் வர்றார். 1942ல் லால்குடி பக்கத்துல இருக்கும் பூவாளூரில் பிறந்தவர் திருச்சி சங்கரன். குரு பழனி சுப்ரமணிய பிள்ளை. அவர் இடது கைக்காரர். அதனால மேடையில மத்தவங்க உட்காரும் இடமே மாறணும். சில பாடகர்களுக்கு அது பிடிக்கல. செம்பை வைத்தியநாத பாகவதர்தான் அவருக்குத் துணை நின்னார். அப்படிப்பட்ட குருகிட்ட படிச்ச சங்கரன், 13 வயசுல ஆலத்தூர் சகோதரர்கள் கச்சேரியில குருவோட சேர்ந்து வாசிச்சார்.

1971ல் அவர் டொரொண்டோ போறார். யார்க் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹிக்கின்ஸோட சேர்ந்து இந்திய இசைப் படிப்பைத் தொடங்குறார். ஹிக்கின்ஸ் வேற யாருமில்ல, நம்ம ஊர் ரசிகர்கள் 'ஹிக்கின்ஸ் பாகவதர்'னு கூப்பிட்ட அமெரிக்கர்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. வகுப்புல இருக்கிற பிள்ளைக்குத் தாளமும் புதுசு, மிருதங்கமும் புதுசு. ஆனா வாய் எல்லார்கிட்டயும் இருக்கு. தோல் வேண்டாம், ரவை வேண்டாம், சுருதி சேர்க்க வேண்டாம். ஜாஸ் வாசிக்கிறவரோ கானா நாட்டு டிரம்ஸ்காரரோ எதிர்ல உட்கார்ந்தா, கணக்கைச் சொல்லிப் புரியவைக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. சங்கரன் ஜாஸ், இந்தோனேசிய காமெலான், பல நாட்டு டிரம்ஸ் குழுக்கள்னு எல்லார்கூடயும் வாசிச்சார். 2010ல் கொன்னக்கோலுக்குன்னே ஒரு பாடநூல் எழுதினார். 2011ல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தது.

அவர் பொண்ணு சுபா சங்கரன் பாடகி. ஆட்டோரிக்ஷாங்கிற டொரொண்டோ இசைக்குழுவுல கர்நாடக சங்கீதமும் ஜாஸும் கலக்குறாங்க. டிலன் பெல்லோட சேர்ந்து நடத்தும் ஃப்ரீபிளே என்ற இருவர் குழுவுல, குரலை லூப் பண்ணிப் பண்ணி அடுக்குவாங்க. அங்க பீட்பாக்ஸும் கொன்னக்கோலும் ஒரே மேடையில நிக்குது. அப்பா பிள்ளை உறவு இல்ல, சேக்காளிங்க உறவு.

ஒரு சின்ன வேலை சொல்றேன், இப்பவே செஞ்சு பாருங்க. தொடையில எட்டு வரைக்கும் சமமா தட்டுங்க. மேல சொல்லுங்க: தகிட தகிட தக. மூணு, மூணு, ரெண்டு. மொத்தம் எட்டு. கிளப்ல ஓடுற ரெக்கேடோன் பாட்டு எதை எடுத்தாலும் அடியில இந்தக் கணக்கு கேட்கும். இன்னொண்ணு: தகிட நாலு தடவை, கடைசியா ஒரு தகதிமி. பதினாறு. 808 மெஷின்ல வரிசையா இருக்கும் பட்டனும் பதினாறுதான்.

போன ஞாயித்துக்கிழமை இதைத்தான் எங்க மாடியில செஞ்சோம். முதல்ல பையன்கிட்ட, "அன்னைக்கு நான் சொன்னது தப்புடா"ன்னு ஒத்துக்கிட்டேன். "அப்ப நான் பண்றது நம்மளுது இல்லையா?"ன்னு கேட்டான். "நீ கத்துக்கிட்டது உன்னுதுதான்"னு சொன்னேன். அப்புறம் அவன் அந்தப் பதினாறை பீட்பாக்ஸ்ல போட்டான். பெரியப்பா கீழ இருந்து கேட்டுட்டு மேல வந்தார். ரெண்டு சுத்து சும்மா நின்னார். மூணாவது சுத்துல உட்கார்ந்து கையில தாளம் போட ஆரம்பிச்சார்.

முடிஞ்சதும் சொன்னது ஒண்ணுதான்: "கணக்கு சரியா இருக்கு. ஆனா தம்பி, கையில தாளம் போடாம சொல்லாத. நாளைக்குக் காலையில வா."

அவன் போனான். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.